துடைப்பம் தொடாத இடங்கள்

 

முதலில் ஒரு கேள்வி. இன்று காலையில் வீடு பெருக்கிய வீடுகள் எத்தனை? கையைத் தூக்குங்கள்.

எல்லோரும் தூக்கிவிட்டீர்கள். நல்லது. நம் தங்கவயலில் பெருக்காத வீடு கிடையாது. லைன் வீடு சின்ன வீடுதான். ஆனால் வாசல் தெளிக்காமல் பொழுது விடியாது.

இரண்டாவது கேள்வி. பீரோவுக்கு மேலே கை வைத்துப் பார்த்து எத்தனை நாள் ஆகிறது? இப்போது கை எதுவும் மேலே வரவில்லை. சிரிப்புதான் வருகிறது.

இன்றைய பேச்சு அந்த இடங்களைப் பற்றியதுதான். துடைப்பம் தொடாத இடங்கள். கண்ணுக்குத் தப்பிய இடங்கள். இருமலும், காய்ச்சலும், வயிற்றுப்போக்கும் அங்கேதான் ஒளிந்திருக்கின்றன.

ஒரு வீட்டின் கதை

ஒரு வீட்டை மனதில் வைத்துக் கொள்வோம். சாம்பியன் ரீஃப் பக்கம் ஒரு லைன் வீடு. முன்னால் ஒரு அறை. பின்னால் சமையல். மேலே ஷீட் கூரை. அந்த வீட்டில் ஐந்து பேர். தாத்தா, பாட்டி, மகன், மருமகள், ஏழு வயதுப் பேத்தி.

தாத்தா சுரங்கத்தில் டிரில் மெஷின் ஓட்டியவர். பூமிக்குள் பல ஆயிரம் அடி ஆழத்தில் கல்லைத் துளை போட்டவர். மகனும் மருமகளும் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். விடியும் முன் ரயில் ஏறினால், வீடு திரும்ப இருட்டிவிடும். பாட்டி எழுத்தறிவு வகுப்பில் படித்தவர். பெயரைப் படிப்பார். பேருந்துப் பலகையைப் படிப்பார். மெதுவாக எழுதவும் செய்வார்.

பேத்திக்கு இருமல். பகலில் நன்றாக விளையாடுவாள். இரவில் படுத்தால் இருமல் தொடங்கும். நெஞ்சில் விசில் சத்தம் வரும். மருத்துவரிடம் காட்டினார்கள். அவர் மருந்து கொடுத்தார். பிறகு கேட்டார்: "வீட்டில் தூசி அதிகமா?"

மருமகளுக்கு முகம் வாடிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் மாமனாரிடம் சொன்னார்: "தினம் ரெண்டு வேளை பெருக்குறேனே மாமா. இன்னும் என்ன செய்யறது?"

தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. இரவு ஆனது. விளக்கை அணைக்கச் சொன்னார். டார்ச்சை எடுத்தார். நேராக அடிக்கவில்லை. அறையின் ஒரு பக்கத்தில் நின்று, குறுக்கே அடித்தார். "இப்போ பெருக்கும்மா" என்றார்.

மருமகள் பெருக்கினார். வெளிச்சத்தில் பார்த்தால், அறை முழுக்கத் தூள் பறந்தது. பொடிப் பொடியாக. புகை மாதிரி. அது கீழே இறங்கவே இல்லை. பேத்தியின் பாய் மேல் மிதந்தது.

"சுரங்கத்துல இப்படித்தாம்மா. லைட்டை நேரா அடிச்சா தூசி தெரியாது. குறுக்க அடிச்சாத்தான் தெரியும். நீ பெருக்காம இல்ல. காய்ஞ்சதைப் பெருக்குற. அதனால அது போகல. இடம் மாறி உக்காருது" என்றார் தாத்தா.

இந்த வார்த்தையை நினைவில் வையுங்கள். தூசி போகவில்லை. இடம் மாறி உட்கார்ந்தது. எங்கே உட்கார்ந்தது? துடைப்பம் தொடாத இடத்தில்.

இந்தத் தூசி எங்கிருந்து வருகிறது?

எல்லா ஊரிலும் தூசி உண்டு. மண் தூசி, துணி நூல், அடுப்புக் கரி, நம் உடம்பில் உதிரும் தோல். எல்லாம் சேர்ந்ததுதான் வீட்டுத் தூசி. நம் ஊரில் இன்னொன்றும் உண்டு. அது சயனைடு மேடு.

அந்த மேடுகள் எப்படி வந்தன? 1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் கம்பெனி இங்கே சுரங்க வேலையில் இறங்கியது. அது முதல் 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்படும் வரை வேலை நடந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 10,000 அடிக்கும் மேல் ஆழம் போனது. கல்லை மேலே கொண்டு வந்தார்கள். மில்லில் போட்டு மாவாக அரைத்தார்கள். சயனைடு கலந்த நீரில் தங்கத்தைப் பிரித்தார்கள். தங்கம் போய்விட்டது. கல் மாவு மட்டும் இங்கே நின்றுவிட்டது. இன்று மலை போல நிற்கிறது. மூன்று கோடி டன்னுக்கு மேல் இருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

சயனைடு வெயிலும் காற்றும் பட்டு நாளடைவில் பெரும்பாலும் சிதைந்துவிடும். ஆனால் கல் மாவு சிதையாது. காற்றுக் காலம் வந்தால் பறக்கும். கதவைச் சாத்தினாலும் இடுக்கு வழியாக நுழையும். சோற்றுத் தட்டிலும் விழும்.

இந்தக் கல் மாவில் சிலிகா என்ற பொருள் இருக்கிறது. மணலில் இருப்பதும் அதுதான். பெரிய மணல் மூக்கிலேயே நின்றுவிடும். மிகப் பொடியான தூள் நிற்காது. தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தூள் அது. நேராக நுரையீரலின் அடிவரை போகும். போனது திரும்பி வராது. பல வருடம் சுவாசித்தால் நுரையீரல் தழும்பாகி இறுகும். இதற்குப் பெயர் சிலிகோசிஸ். வந்த பிறகு முழுதாகக் குணமாக்கும் மருந்து இல்லை. காசநோயும் எளிதில் தொற்றிக்கொள்ளும்.

இந்தியாவில் இந்த நோய் முதன்முதலில் பதிவானது எங்கே தெரியுமா? இங்கேதான். 1947ஆம் ஆண்டு, கோலார் தங்கச் சுரங்கத்தில். நம் தாத்தாக்களின் நெஞ்சில்தான் நாடு அந்த நோயைப் படித்தது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். யாரும் பயப்பட வேண்டாம். சுரங்கத்துக்குள் வேலை பார்த்தவர் சுவாசித்த அளவு தூசி வீட்டுக்குள் வராது. வீட்டில் இருமல் வந்தால் அது சிலிகோசிஸ் என்று முடிவு கட்டக் கூடாது. ஆனால் எந்தத் தூசியும் குழந்தைக்கு ஆகாது. ஆஸ்துமா உள்ளவருக்கு ஆகாது. ஏற்கெனவே நெஞ்சு கெட்ட பெரியவருக்கு ஆகவே ஆகாது.

சுரங்கம் சொல்லிக் கொடுத்த பாடம்

சுரங்கத்தில் தூசியை எப்படி அடக்கினார்கள்? தண்ணீரால்தான். காய்ந்த கல்லில் துளை போட்டால் தூள் பறக்கும். அதனால் டிரில் கம்பியின் நடுவே தண்ணீர் விட்டுத் துளை போடும் முறை வந்தது. வெடி வைத்த பிறகும் அப்படித்தான். நொறுங்கிய கல்லை நனைத்துவிட்டு அள்ள வேண்டும். நனைந்த தூசி பறக்காது.

தாத்தா மருமகளிடம் சொன்னதும் இதுதான். "கீழே தண்ணி காட்டாம கல்லைத் தொட மாட்டோம். மேலே வந்து வீட்டுல மட்டும் காய்ஞ்ச துடைப்பம் எதுக்கு?"

ஆகவே முதல் பாடம் இது. காயப் பெருக்காதே. நனைத்துத் துடை. தரையில் தண்ணீரைக் கையால் தெளித்துவிட்டுப் பெருக்குங்கள். மேசை, பெட்டி, ஜன்னல் இவற்றைத் துணியால் தட்டாதீர்கள். ஈரத் துணியால் துடையுங்கள்.

"தண்ணீருக்கு எங்கே போவது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஒரு காலத்தில் பாலாற்றுப் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து தங்கவயலுக்குத் தண்ணீர் வந்தது. இன்று குடத்தை எண்ணிச் செலவு செய்கிறோம். ஆனால் இந்த வேலைக்கு அரை வாளி போதும். துணியை நனைத்து நன்றாகப் பிழியுங்கள். நான்காக மடியுங்கள். ஒரு பக்கம் அழுக்கானால் அடுத்த பக்கத்தைத் திருப்புங்கள். எல்லாப் பக்கமும் அழுக்கான பிறகு அலசினால் போதும். மிஞ்சிய தண்ணீரை வாசலில் தெளியுங்கள். வாசல் தூசியும் அடங்கும்.

இரண்டாவது பாடம். மேலே இருந்து கீழே வாருங்கள். தரையைத் துடைத்த பிறகு பரண் மேல் கை வைத்தால், தூசி மறுபடி தரைக்கு வரும். வேலை இரண்டாகும்.

தூசி உட்காரும் இடங்கள்

அன்று இரவு தாத்தா டார்ச்சோடு வீட்டைச் சுற்றி வந்தார். பாட்டி பின்னாலேயே போனார். எங்கெங்கே தூசி என்று பேத்தியின் சிலேட்டில் எழுதினார். அந்தச் சிலேட்டில் இருந்தது இதுதான்.

ஒன்று, பீரோவின் மேல் பக்கம். விரல் வைத்தால் விரல் பதிந்தது. இதற்கு ஒரு சுலப வழி உண்டு. துடைத்துவிட்டுப் பழைய செய்தித்தாளை விரியுங்கள். மாதம் ஒருமுறை அதை ஓரத்திலிருந்து உள்பக்கமாக மடித்து எடுங்கள். தூசி தாளுக்குள்ளேயே போய்விடும்.

இரண்டு, மின்விசிறி இறக்கை. அடியில் நின்று பார்த்தால் சுத்தமாகத் தெரியும். மேல் பக்கத்தில்தான் கறுப்பாகப் படிந்திருக்கும். சுவிட்சை அணையுங்கள். பழைய தலையணை உறையை இறக்கையில் மாட்டி, அழுத்திப் பிடித்து இழுங்கள். தூசி உறைக்குள் விழும். தலையில் விழாது.

மூன்று, படங்களின் பின்பக்கம். சாமி படம், இயேசு படம், புத்தர் படம், அம்பேத்கர் படம். எந்தப் படமானாலும் முன்பக்கம் மாலை போடுகிறோம். பின்பக்கம் ஒட்டடையும் பல்லி முட்டையும் இருக்கும். படத்தை இறக்கிப் பின்னாலும் துடையுங்கள்.

நான்கு, ஜன்னல் கம்பியும் கொசு வலையும். மேட்டுப் பக்கம் பார்த்த ஜன்னலில் தூசி அதிகம். காற்று அடிக்கும் நேரத்தில் அந்த ஜன்னலைச் சாத்துங்கள். காற்று நின்ற பிறகு திறந்துவிடுங்கள்.

ஐந்து, சுவரும் கூரையும் சேரும் இடுக்கு. ஒட்டடைக் குச்சியில் ஈரத் துணியைச் சுற்றித் துடையுங்கள். கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருந்தால் அதைத் தேய்க்கவோ சுரண்டவோ கூடாது. அதன் தூளும் நுரையீரலுக்குக் கெடுதல்.

ஆறு, கட்டிலுக்கு அடியில் இருக்கும் டிரங்குப் பெட்டியின் பின்பக்கம். வருடக் கணக்கில் நகராத பெட்டி அது.

ஏழு, தலையணை. இது பாட்டிக்கே ஆச்சரியம். பேத்தியின் தலையணையை டார்ச் வெளிச்சத்தில் தட்டினார்கள். புகை போல வந்தது. அவள் இரவில் இருமியதற்கு ஒரு காரணம் அவள் தலைக்கு அடியிலேயே இருந்தது. தலையணை உறையை வாரம் ஒருமுறை துவைத்து வெயிலில் காயப் போடுங்கள். பாயையும் போர்வையையும் வெளியே கொண்டுபோய் உதறுங்கள். வீட்டுக்குள் உதறாதீர்கள்.

கை படும் இடங்கள்

அடுத்தது கை. ஒரு நாளில் வீட்டில் ஐந்து பேரும் தொடும் பொருள் எது? சுவிட்ச், கதவுத் தாழ்ப்பாள், செல்போன், டி.வி. ரிமோட். தரையை நாம் தினமும் துடைக்கிறோம். அதில் கால்தான் படுகிறது. சுவிட்சில் கை படுகிறது. அந்தக் கைதான் வாய்க்குப் போகிறது. ஆனால் சுவிட்சை யார் துடைக்கிறோம்?

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, நன்றாகப் பிழிந்த துணியால் துடையுங்கள். காய்ந்த பிறகு போடுங்கள். ஈரக் கையோடு சுவிட்சைத் தொடாதீர்கள்.

குடிதண்ணீர்க் குடத்தைப் பாருங்கள். வெளிப்பக்கம் புளி போட்டுப் பளபளவென்று தேய்க்கிறோம். உள்ளே கழுத்து வளைவில் விரலை விட்டுப் பாருங்கள். வழவழவென்று இருக்கும். அது கிருமி சேர்ந்த பாசி. தண்ணீர் தீரும்போதெல்லாம் உள்ளே தேய்த்துக் கழுவ வேண்டும். தம்ளரைக் கையோடு உள்ளே விடாதீர்கள். நீளக் காம்பு வைத்த கரண்டியால் மொண்டு ஊற்றுங்கள்.

அடுத்தது கரித்துணி. அடுப்பைத் துடைக்கிறது. சமையல் மேடையைத் துடைக்கிறது. சில நேரம் தட்டையும் துடைக்கிறது. எப்போதும் ஈரமாகவே ஒரு மூலையில் கிடக்கிறது. சுத்தம் செய்யும் துணியே அழுக்கானால் என்ன ஆகும்? அழுக்கை எல்லா இடத்துக்கும் தடவும். தினமும் சோப்பு போட்டுத் துவையுங்கள். வெயிலில் முழுதாகக் காய வையுங்கள். தட்டுக்கு வேறு துணி, அடுப்புக்கு வேறு துணி வையுங்கள்.

தண்ணீர் தேங்கும் இடங்கள்

தண்ணீர் தினமும் வராத ஊரில் எல்லோரும் டிரம்மில் பிடித்து வைக்கிறோம். வேறு வழியில்லை. ஆனால் டெங்குக் கொசு இதைத்தான் தேடி வருகிறது.

டெங்குக் கொசு சாக்கடையில் பிறப்பதில்லை. ஓரளவு சுத்தமான தண்ணீரில்தான் வளரும். பகலில் கடிக்கும். டிரம்மின் உள் சுவரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே முட்டை இடும். முட்டை மிகச் சிறியது. கறுப்புப் பொடி போல ஒட்டியிருக்கும். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை போகாது. காய்ந்து மாதக் கணக்கில் கிடக்கும். மறுபடி தண்ணீர் பட்டால் புழு வெளியே வரும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும்.

அதனால்தான் வாரம் ஒருமுறை என்று சொல்கிறார்கள். வாரத்தில் ஒரு நாள் டிரம்மைக் காலி செய்யுங்கள். உள் சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேயுங்கள். தண்ணீர் பிடித்ததும் துணி கட்டி மூடுங்கள். மூடி இடைவெளி இல்லாமல் இருக்க வேண்டும்.

டிரம் கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாதவை எவை? பிரிட்ஜுக்குப் பின்னால் அடியில் தண்ணீர் சொட்டும் தட்டு. பூந்தொட்டிக்குக் கீழே வைத்த தட்டு. கொல்லையில் கிடக்கும் பழைய டயர். தேங்காய்த் தொட்டி. உடைந்த பிளாஸ்டிக் குடம். கூரை மேல் போட்ட தார்ப்பாயின் மடிப்பு.

முக்கியமாக ஆட்டுக்கல். மிக்சி, கிரைண்டர் வந்த பிறகு ஆட்டுக்கல் கொல்லைக்குப் போய்விட்டது. குழவியை எடுத்துவிட்டார்கள். குழியில் மழைத் தண்ணீர் நிற்கிறது. பாட்டி மாவு ஆட்டிய கல்லில் இன்று கொசு வளர்கிறது. அதை மணல் போட்டு நிரப்புங்கள். அல்லது கவிழ்த்துப் போடுங்கள்.

இருட்டு மூலைகள்

கடைசியாக இருட்டு மூலை. கேஸ் சிலிண்டருக்குப் பின்னால், அரிசி டின்னுக்கு அடியில், பழைய சாமான் மூட்டைக்குள். அங்கே கரப்பான் பூச்சியும் எலியும் குடி இருக்கும்.

1898ஆம் ஆண்டு பெங்களூரில் பிளேக் நோய் பரவியது. அந்தக் காலத்தில் நோய் எப்படிப் பரவுகிறது என்று மக்களுக்குத் தெரியாது. அதே 1898ஆம் ஆண்டு கராச்சி நகரில் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் அதைக் கண்டுபிடித்தார். எலியின் உடம்பில் இருக்கும் தெள்ளுப்பூச்சி கடித்துத்தான் பிளேக் பரவுகிறது என்று சோதனை செய்து காட்டினார். இத்தனை பெரிய நோய்க்குக் காரணம், யாரும் பார்க்காத ஒரு சின்னப் பூச்சி.

இன்று நமக்குப் பிளேக் பயம் இல்லை. ஆனால் எலியின் மூத்திரத்தால் எலிக்காய்ச்சல் வரும். எலி கேஸ் குழாயையும் கடிக்கும். மாதம் ஒருமுறை சிலிண்டரை நகர்த்தித் துடையுங்கள். அப்போது ரப்பர் குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். குழாய் மேல் ஆண்டு அச்சிட்டிருக்கும். அதைப் படித்துப் பாருங்கள். காலம் முடிந்திருந்தால் மாற்றுங்கள். படிக்கத் தெரிந்ததன் பயன் இது.

அந்த வீட்டுப் பாட்டி அப்படித்தான் படித்தார். எழுத்து பொடியாக இருந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டி, ஆண்டைப் படித்தார். காலம் தாண்டி இருந்தது. மகன் மறுநாளே புதுக் குழாய் வாங்கி வந்தார்.

கவனம் வேண்டிய இடங்கள்

சுத்தம் செய்யும்போது ஆபத்து வரக் கூடாது. நான்கு விஷயங்களை மறக்க வேண்டாம்.

பிளீச்சிங் பவுடரையும் கழிவறை ஆசிட்டையும் ஒன்றாகக் கலக்கவே கூடாது. விஷ வாயு வரும். மூடிய கழிவறையில் உயிருக்கே ஆபத்து. ஒரு நாள் ஒன்று, மறுநாள் மற்றது என்று பயன்படுத்துங்கள். ஆசிட் பாட்டிலைக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள்.

ஒன்றின் மேல் ஒன்றாக நாற்காலி போட்டு ஏறாதீர்கள். உறுதியான ஸ்டூல் போடுங்கள். ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும்.

மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். இருமல் உள்ளவரையும் குழந்தையையும் அந்த நேரம் வெளியே அனுப்புங்கள்.

சயனைடு மேட்டு மண்ணை வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள். அதை வைத்துப் பாத்திரம் தேய்க்க வேண்டாம். வாசலில் கொட்டிப் பரப்பவும் வேண்டாம். பிள்ளைகளை மேட்டில் சறுக்கி விளையாட விடாதீர்கள்.

யார் செய்வது?

இவ்வளவும் கேட்ட பிறகு தாய்மார்கள் மனதில் ஒரு கேள்வி வரும். "இருக்கிற வேலையே முடியல. இதையும் நானே செய்யணுமா?"

அந்த வீட்டு மருமகளும் இதைத்தான் கேட்டார். இரவு எட்டு மணிக்கு ரயிலை விட்டு இறங்கி வருகிறவர் பரணைத் துடைக்க முடியுமா? தாத்தா ஒரு நிமிடம் யோசித்தார். "சுரங்கத்துல ஒருத்தனே எல்லா வேலையும் செய்யல. ஆளுக்கு ஒரு வேலை, ஷிப்டுக்கு ஷிப்டு. வீட்டுக்கும் ஷிப்டு போடுவோம்" என்றார்.

பாட்டி அதை எழுதிச் சுவரில் ஒட்டினார். பெரிய பெரிய எழுத்து. திங்கள், தாழ்ப்பாளும் ரிமோட்டும் துடைப்பது தாத்தா. புதன், தலையணை உறை துவைப்பது பாட்டி. வெள்ளி, பூந்தொட்டித் தட்டையும் கொல்லையையும் பார்ப்பது பேத்தி. ஞாயிறு காலை, டிரம் தேய்ப்பது மகன். ஞாயிறு மதியம், உயரமான இடத்தில் ஒன்றே ஒன்று துடைப்பது, மகனும் மருமகளும் சேர்ந்து. ஒரு வாரம் பீரோ, ஒரு வாரம் விசிறி, ஒரு வாரம் படங்கள், ஒரு வாரம் சிலிண்டர் மூலை.

ஒரு நாளைக்குக் கால் மணி நேரம்தான். போகிக்கு ஒருமுறை, கிறிஸ்துமஸுக்கு ஒருமுறை என்று வருடம் முழுக்கச் சேர்த்துவைத்து இடுப்பொடியச் செய்ய வேண்டியதில்லை.

முதல் ஞாயிறு மகன் டிரம்முக்குள் தலையை விட்டுத் தேய்த்தார். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "இங்க வாங்கண்ணா, இதைப் பாருங்க" என்று மகன் கூப்பிட்டார். உள் சுவரில் கறுப்பு வரி. நாரில் ஒட்டி வந்த பொடி. அடுத்த ஞாயிறு பக்கத்து வீட்டு டிரம்மும் கவிழ்ந்திருந்தது.

மேடு அங்கேயே நிற்கிறது

பேத்தியின் இருமல் என்ன ஆனது? ஒரே நாளில் போகவில்லை. மருத்துவர் சொன்ன மருந்தை நிறுத்தவில்லை. நிறுத்தவும் கூடாது. ஆனால் இரவில் எழுந்து உட்காருவது குறைந்தது. வீட்டில் எல்லோரும் தூங்கினார்கள்.

பிறகு காற்றுக் காலம் வந்தது. ஒரே மாலையில் பீரோ மேல் விரித்த தாள் வெளுத்துப் போனது. மருமகள் சோர்ந்து உட்கார்ந்தார். "எத்தனை துடைச்சாலும் மேடு அங்கேயேதானே மாமா நிக்குது?"

உண்மைதான். இதை மறைக்கக் கூடாது. வீட்டைத் துடைப்பது நம் வேலை. மேட்டைத் துணியால் துடைக்க முடியாது. அதன் மேல் புல்லும் மரமும் வளர்த்துத் தூசி பறக்காமல் மூட வேண்டும். உலகில் பல சுரங்க ஊர்களில் இப்படிச் செய்கிறார்கள். ஒரு வீட்டால் ஆகிற காரியம் இல்லை அது. ஊர் கேட்க வேண்டும். அரசு செய்ய வேண்டும்.

பாட்டி சிலேட்டை ஓரமாக வைத்தார். ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். மேலே தேதியைப் போட்டார். "ஐயா, எங்கள் லைனில் குழந்தைகள் இருமுகிறார்கள்" என்று தொடங்கினார். மேட்டில் மரம் வைக்கக் கேட்டு எழுதினார். லைனில் வீடு வீடாகப் போனார். ஒரு காலத்தில் கட்டை விரலில் மை தடவிய கைகள் அவை. அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டன.

நண்பர்களே! 1902ஆம் ஆண்டிலேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்த ஊர் இது. நம் ஊருக்கு வெளிச்சம் புதிதல்ல. அந்த வெளிச்சத்தைப் பார்க்காத இடத்துக்குத் திருப்ப வேண்டும். அவ்வளவுதான்.

இன்று இரவு வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். விளக்கை அணையுங்கள். டார்ச்சைக் குறுக்கே அடியுங்கள். பிள்ளை படுக்கும் இடத்தை முதலில் பாருங்கள். கண்டதை எழுதி வையுங்கள். அடுத்த வாரம் கூடும்போது அந்தத் தாளைக் கொண்டு வாருங்கள். எல்லோரும் சேர்ந்து படிப்போம். எது வீட்டு வேலை, எது ஊர் வேலை என்று பிரிப்போம். வீட்டு வேலையை ஆளுக்குக் கொஞ்சம் செய்வோம். ஊர் வேலைக்கு ஒன்றாகக் கையெழுத்துப் போடுவோம்.